ஏழாம் நம்பர் மிஷினின் சத்தம்

என் அன்பு மகளுக்கு,

கல்யாண வாழ்த்து மடலுக்குப் பன்னிரண்டு வரி எழுதிக் கொடுங்கள் என்று அச்சகத்துக்காரர் நேற்றும் போன் போட்டுவிட்டார். அதைச் சட்டம் போட்டுக் கொண்டு வருவார்கள், மண்டபத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து உருக்கமாகப் படிப்பார், அதற்குள் பாதிக் கூட்டம் பந்தியில் இடம் பிடிக்க எழுந்து போயிருக்கும். உனக்குத் தெரியாததா? நானும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துதான் பார்த்தேன். ‘பதினாறும் பெற்று’ என்று முதல் வரி எழுதினேன். அப்புறம் பேனா நகரவில்லை. உன்னிடம் நான் சொன்ன பொய் ஒன்று தொண்டையில் நிற்கும்போது வாழ்த்து எப்படி வரும்? அதனால் மடலை உன் சித்தப்பா தலையில் கட்டிவிட்டு, இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், உன் மாப்பிள்ளையும் படிக்கட்டும், கான்சாபுரத்துச் சம்பந்திகளும் படிக்கட்டும். மறைத்தவரை போதும். அழுது வடிகிற கடிதமாக இருக்குமோ என்று பயப்படாதே. எனக்கு இப்போது இருக்கிற சந்தோஷத்தில் அழுகை சரியாக வராது.

உன் இசையை நான் முதன்முதலில் கேட்ட நாள் உனக்கு மறந்திருக்காது. நீ அதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய் என்றும் எனக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வந்தவள், ஒரு சின்ன ஸ்பீக்கரை ஷோகேஸ் மேல் வைத்து எதையோ ஓட விட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய். நான் கூடத்துக்கு வந்தால் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். மில் ஃபிட்டர் காதில் அப்படி ஒரு சத்தம் விழுந்தால் சும்மா இருப்பானா? முதலில் மின்விசிறியை நிறுத்தினேன். அடுத்து ஃபிரிட்ஜ். அடுத்து மோட்டார் சுவிட்சைப் பார்த்தேன். எல்லாவற்றையும் நிறுத்தியும் சத்தம் நிற்கவில்லை. கடைசியில் ஸ்பீக்கரைக் கண்டுபிடித்து, என்னுடைய நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை ஸ்பீக்கரின் மேலும் கைப்பிடியைக் காதோரத்து எலும்பிலும் வைத்துக் கேட்டேன். மில்லில் நாங்கள் ஓடுகிற மிஷினின் பேரிங்கை அப்படித்தான் சோதிப்போம். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த உன்னிடம், “தாயி, உன் ஸ்பீக்கர்ல ஏதோ லூஸா ஓடுது. கழத்திரவா?” என்று கேட்டேன். நீ அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாய். அது ஒரு ஐஸ்லாந்துக்காரர் செய்த இசை என்றும், இருபத்தைந்து நிமிடம் அப்படியேதான் போகும் என்றும் சொன்னாய். இருபத்தைந்து நிமிடம் இப்படிப் போனால் எங்கள் மேனேஜர் எனக்கு மெமோ கொடுத்திருப்பார் என்றேன் நான்.

அன்றைக்குச் சிரிப்போடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அடுத்த மாதம் மதுரையில் காது டாக்டரிடம் என்னை நீதானே கூட்டிப் போனாய். மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மிஷின்களின் ஓட்டத்துக்கு நடுவே நின்றதில், மெல்லிய கூர்மையான சத்தங்களை என் காது கேட்காமல் விட்டுவிட்டது என்றும், கனத்த சத்தங்கள் இன்னும் முழுசாகக் கேட்கின்றன என்றும் அவர் ஒரு கோட்டுப் படம் காட்டிச் சொன்னார். எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. கொஞ்ச வருடமாகச் சினிமாப் பாட்டே எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. இப்போது வருகிற பாட்டில் வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை, பாடுகிறவர்கள் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பாடுகிறார்கள் என்று நான் வையாத நாள் இல்லை. பழி பாடகர்கள் மேல் இல்லை, என் காது மேல். காரில் திரும்பும்போது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, நீ அந்த ஐஸ்லாந்துக்காரரை மறுபடி போட்டாய். திருமங்கலம் தாண்டியதும் நான் உன்னிடம் சொன்னேன், இந்தச் சத்தம் எனக்கு ஒரு இடமும் விடாமல் முழுசாகக் கேட்கிறது என்று. நீ காரை ஓரம் கட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாய். பார்த்தேன்.

அதிலிருந்து ஆரம்பித்ததுதான் நம்முடைய சனிக்கிழமைப் பாட்டு. வாரம் ஒன்று அனுப்புவாய். யார் செய்தது, எந்த ஊர் என்று எதுவும் சொல்ல மாட்டாய். பெயரைப் பார்க்காமல் கேட்டுவிட்டு ஒரு வரி எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் ஊரும் பேரும் சொல்வாய். நான் அதை வீட்டில் கேட்பதில்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நீ வாங்கித் தந்த பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பேன். அரை மணி நேரம், மேற்கே மலை கூடவே வரும். சில பாட்டுக்கும் மலைக்கும் அப்படி ஒரு பொருத்தம். கண்டக்டர் டிக்கெட் கேட்டதே காதில் விழாமல் போய், “அண்ணாச்சிக்கு இந்த வயசுல லவ்வு” என்று பஸ்ஸே கேட்கிற மாதிரி அவர் சொன்னதும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினால் நேரே செய்யது கடை. உனக்கு அவனைச் சொல்ல வேண்டியதில்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்து, பிறகு கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் எலெக்ட்ரிக் கடை போட்டவன் செய்யது. என்னைவிட எட்டு வயது சின்னவன், என்னைவிட எண்பது மடங்கு வாய். அவன் கடையில் உட்கார்ந்து இரண்டாம் தடவை கேட்போம். டியூப் லைட் வாங்க வந்தவர்கள் எல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கடையில் ஷார்ட் சர்க்யூட்டா என்று விசாரிப்பார்கள்.

என்னென்ன கேட்டுவிட்டேன் பார். பாலைவனத்துக்காரர்கள் கித்தாரை ஒட்டகம் நடக்கிற நடையில் வாசிக்க, பெண்கள் கைதட்டிக்கொண்டே பாடினது. வெண்கலத் தட்டுகளை வரிசையாக வைத்து ஒரு கிராமமே சேர்ந்து தட்டுவது. நாதஸ்வரத்தை எடுத்து, அதன் மூச்சை மட்டும் நீட்டி நீட்டி, கம்ப்யூட்டரில் ஒரு மழைக்காலம் மாதிரி ஆக்கினது. அதைக் கேட்டுவிட்டு நான் உனக்கு, ‘ஆயில் போட்ட மாதிரி ஓடுது, சத்தத்துல பிசிறு இல்ல’ என்று எழுதினேன். நீ அதை உன் கூட்டாளிகளுக்கெல்லாம் காட்டியதாகவும், அந்த நாதஸ்வரக் கோஷ்டிக்கே அனுப்பிவிட்டதாகவும் சொன்னபோது எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இன்னொரு சனிக்கிழமை, மங்கோலியாவில் ஒருவர் ஒரே தொண்டையில் இரண்டு சத்தம் எழுப்புவதை அனுப்பினாய். கீழே ஒரு உறுமல், மேலே ஒரு விசில். கியர் பாக்ஸ் மாதிரி இருந்தது. ஒரே ஷாஃப்டில் இரண்டு வேகம் வருமென்றால் ஒரே தொண்டையில் ஏன் வராது என்று மாடிக்குப் போய் நானும் முயற்சி செய்தேன். உன் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். உடனே உனக்குப் போன் போட்டு அவள் சொன்னதுதான் உனக்கும் தெரியுமே. “ஏட்டி, உங்கப்பா மாடியில நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உறுமுதாரு. நீ அனுப்புத பாட்டையெல்லாம் நிப்பாட்டு.” அவளே இப்போது, ‘அந்த மழை பெய்யிற பாட்டைப் போடுங்க, கண்ணசரணும்’ என்று மத்தியானம் கேட்டு வாங்கித் தூங்குகிறாள். என்னிடம் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மரப்பலகையில் இரும்பு நாக்குகளை வரிசையாக இறுக்கி, கட்டைவிரலால் தட்டி வாசிக்கிற ஆப்பிரிக்க வாத்தியத்தை நீ அனுப்பிய வாரத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. இரும்பு நாக்கு என்றால் எனக்குத் தெரிந்த சரக்கு. தேய்ந்த ஹேக்ஸா பிளேடுகளைத் துண்டு போட்டு, தட்டி, ராவி, ஒரு வேப்பம்பலகையில் இறுக்கிப் பார்த்தேன். நீளமாக விட்டால் கனத்த சத்தம், குட்டையாக விட்டால் மெல்லிய சத்தம். மெல்லியது எனக்குச் சரியாகக் கேட்காது என்பதால், செய்யதை உட்கார வைத்து, “இப்ப சரியா, இப்ப சரியா” என்று கேட்டே சுருதி சேர்த்தேன். அவன் காதும் என் கையும் சேர்ந்து செய்த வாத்தியம் அது. அதில் ஒரு நாக்கு கொஞ்சம் கோணல். கல்யாணச் சீர் வரிசையில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அதையும் வைக்கப் போகிறேன். உன் அத்தை முறைத்தால் முறைக்கட்டும்.

இனி அந்தப் பொய்க்கு வருகிறேன். நீ கிருஷ்ணன்கோவில் காலேஜில் மூன்றாம் வருடம் படித்தபோது வந்த ஆயுத பூஜை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் மில்லுக்குள் குடும்பத்தை விடுவார்கள். மிஷின்களை எல்லாம் நிறுத்தி, பஞ்சைத் தட்டி, எண்ணெய் போகத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு நிற்க வைத்திருப்போம். அந்த அமைதி எங்களுக்கே புதுசாக இருக்கும். பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்த பிறகு, ஒவ்வொரு மிஷினாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட விடுவோம். ஒன்றாம் நம்பர் ஓடி வேகம் பிடித்த பிறகுதான் இரண்டாம் நம்பர். பன்னிரண்டாவது ஓடும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நீ செய்யதிடம் ஒரு சின்ன ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்து, பாவாடையில் பஞ்சு ஒட்ட ஒட்ட, அந்த முக்கால் மணி நேரமும் நடுப் பாதையில் அசையாமல் நின்றாய். இனிப்புப் பொட்டலம் வாங்கக்கூட நீ வரவில்லை. என்னுடன் வேலை பார்த்தவர்கள் என்னைக் கேலி செய்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தானே உன்னைப் படிக்க வைக்கிறேன், நீ என்னடா என்றால் அதை டப்பாவில் பிடித்து வீட்டுக்கும் கொண்டு வருகிறாயே என்று அன்றைக்குச் சாப்பிடும்போது உன்னிடம் கத்தினேன். நீ ரெக்கார்டரிலிருந்த சின்ன மெமரி கார்டைக் கழற்றிப் பவுடர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாய்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்து, அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று உறவெல்லாம் சேர்ந்து வேன் பிடித்தோம். உனக்குப் பரீட்சை, நீ வரவில்லை. வேனில் பாட்டுப் போட கார்டு வேண்டும் என்றார் டிரைவர். எனக்குப் பவுடர் டப்பா ஞாபகம் வந்தது. செய்யது கடைக்கு எடுத்துப் போய், இதில் இருப்பதைத் தூக்கிவிட்டுப் பழைய பாட்டாகப் போட்டுக் கொடு என்றேன். செய்யது கேட்டான், “அண்ணாச்சி, இதுல பாப்பா ஏதோ பதிஞ்சி வச்சிருக்கே, அழிக்கட்டுமா?” அவன் கேட்டான் என்பதை இங்கே சத்தியமாக எழுதுகிறேன், பின்னால் அவனை நீ குறை சொல்லக் கூடாது. நான் சொன்ன பதில் இது: “வெறும் மிஷின் சத்தம்டே. நாளைக்கு மில்லுக்குப் போனா எம்புட்டு வேணும்னாலும் கெடைக்கும். அழி.” தரையில் கிடக்கிற கழிவுப் பஞ்சைக் கூட்டித் தள்ளுகிற மாதிரி, கொஞ்சமும் யோசிக்காமல் தள்ளிவிட்டேன். அந்த வேனில் எல்லோரும் ஆடிப் பாடிக்கொண்டு போனோம். இரண்டு வருடத்தில் மில்லில் அந்தப் பன்னிரண்டு ஃப்ரேமையும் கழற்றி விற்றுவிட்டுப் புது மிஷின் போட்டார்கள். புதுசு நல்ல மிஷின், சத்தமே குறைவு. நான் உட்பட எல்லோருக்கும் சந்தோஷம்தான். நீ ஒருமுறை அந்தக் கார்டைக் கேட்டாய். வீடு மாற்றியதில் எங்கேயோ கிடக்கும் என்றேன். அது முதல் பொய்.

இந்த வருடம் சித்திரையில் ஒரு சனிக்கிழமைப் பாட்டு வந்தது. வழக்கம் போலப் பெயர் இல்லை. பஸ் ஊரைத் தாண்டியதும் போட்டேன். தூரத்தில் தண்ணீர் மாதிரி ஒன்று, அதற்குக் கீழே நீளமாக ஒரு சத்தம், அதன் மேல் யாரோ பெண் குரலில் வார்த்தை இல்லாமல் இழுப்பது. நன்றாக இருக்கிறதே என்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் ‘டக்’ என்று ஒன்று. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினேன். அது ஏழாம் நம்பர். பாபினுக்கு நூல் சுற்றுகிற தட்டு மெதுவாக ஏறி, உச்சியில் போய்த் திரும்புகிற இடத்தில் ஏழாம் நம்பர் மட்டும் ‘டக்’ என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் இறங்கும். மூன்று முறை கழற்றிப் பார்த்தேன், என் சர்வீஸில் நான் சரி செய்ய முடியாமல் போன ஒரே சத்தம் அது. அது எனக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் பாட்டில் அது திரும்பத் திரும்ப அச்சடித்த மாதிரி ஒரே அளவில் வந்தது. நிஜ மிஷின் அப்படித் தட்டாது, ஒரு தடவை முந்தும், ஒரு தடவை பிந்தும். ஒரே ஒரு டக்கை வைத்துக்கொண்டு யாரோ திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. யாரென்றும் புரிந்தது. உன்னிடம் இருந்தது அவ்வளவுதான். ஆயுத பூஜை அன்றைக்கே ஒரு சிநேகிதிக்குப் போனில் அனுப்பி வைத்திருந்த பன்னிரண்டு விநாடி என்று பின்னால் நீயே சொன்னாய். மீதி முக்கால் மணி நேரத்தை உன் அப்பன் அருவிக்குப் போகிற வழியில் பாட்டுக்கு மாற்றிக்கொண்டான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கவில்லை. மதுரை வரை போகிற பஸ் அது, கிருஷ்ணன்கோவில் தாண்டும் வரை உட்கார்ந்தே இருந்தேன், கண்டக்டர்தான் தட்டி இறக்கிவிட்டார். உனக்கு ஒரு வரி எழுத வேண்டுமே. ‘நல்ல ஓட்டம்’ என்று எழுதினேன். சாயங்காலம் நீ போன் போட்டு, அது நீ செய்தது என்றாய். கல்யாண வரவேற்பில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதில் நீயே முக்கால் மணி நேரம் வாசிக்கப் போவதாகவும், மாப்பிள்ளை சம்மதித்துவிட்டதாகவும் சொன்னாய். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாயே, “அப்பா, அந்தச் சின்ன கார்டு மட்டும் கெடச்சா போதும்ப்பா. நீங்க வேல பாத்த சத்தத்துல ஆரம்பிக்கணும்னு ஆச.” அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “தேடுதேன் தாயி” என்றேன். அழித்ததை எங்கே தேடுவது? அது இரண்டாவது பொய், முதல் பொய்யைவிடப் பெரியது. அன்றைக்கு உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “கார்டு போச்சு. மிஷினு எங்க போச்சுன்னு பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். இத்தனை வருடம் மிஷின்களோடு குடும்பம் நடத்திய எனக்கு அது தோன்றவில்லை, அவளுக்குத்தான் தோன்றியது.

அப்புறம் ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செய்யது வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராக அலைந்தேன். எங்கள் பழைய ஸ்டோர் கீப்பரைப் பிடித்து விசாரித்ததில், எட்டு ஃப்ரேம் உடைசல் இரும்புக்குப் போய்விட்டது, நான்கை மட்டும் சின்ன மில்காரர்கள் வாங்கினார்கள் என்று தெரிந்தது. முதலில் போன இடத்தில் இரண்டு இருந்தன, ஏழாம் நம்பர் இல்லை. அடுத்த இடத்தில் காவலாளி எங்களை உள்ளேயே விடவில்லை. புரட்டாசியில் போன மூன்றாவது மில் ராஜபாளையத்துக்குத் தெற்கே, முருங்கைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு ஷெட். கேட்டில் நின்றபோதே டக் சத்தம் கேட்டுவிட்டது என்று உன்னிடம் சொல்ல ஆசைதான். இனிமேல் பொய் வேண்டாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய், பச்சைப் பெயின்ட் அடித்து நம்பரை மறைத்திருந்த ஒரு ஃப்ரேமின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து, கைப்பிடியைக் காதோரத்தில் அழுத்தினேன். தட்டு ஏறியது. ஏறியது. உச்சிக்குப் போனது. டக். கியர் மூடியைத் தடவிப் பார்த்தேன், நான் வைத்த வெல்டிங் தழும்பு பெயின்ட்டுக்குக் கீழே அப்படியே இருந்தது. செய்யதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முதலாளி எங்கள் தெருவில் முன்பு இருந்தவர்தான், “ரண்டி, ரண்டி” என்று தெலுங்கில் கூப்பிட்டு டீ கொடுத்தார். ஆயுத பூஜை அன்றைக்கு வந்து பதிந்துகொள்ள அனுமதி கேட்டேன். மிஷின் சத்தம் எதற்கு என்றார். மகள் கல்யாணத்துக்கு என்றேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆயுத பூஜை அன்று நீ நின்ற மாதிரியே நானும் நடுப் பாதையில் நின்றேன். கையில் செய்யதின் அதே ரெக்கார்டர். சந்தனம் மணத்தது, எல்லாம் நின்றிருந்த அந்த அமைதியில் ஒரு காகம் கத்தியது, அதுவும் பதிவாகியிருக்கிறது. அங்கே ஆறு மிஷின்தான். ஒவ்வொன்றாக ஓட விட்டார்கள். முதல் மிஷின் வேகம் பிடிக்கும்போது, ஒரு கனத்த சத்தம் தரையிலிருந்து என் காலுக்குள் ஏறியது. அது நான் பாதி ஆயுளைக் கழித்த சத்தம். நான் அதை அதுவரைக்கும் கேட்டதே இல்லை, அதில் எது தப்பு என்று மட்டுமே கேட்டிருக்கிறேன். இரண்டாவது சேர்ந்தபோது இரண்டு சத்தமும் ஒன்றையொன்று உரசி, நடுவில் மூன்றாவதாக ஒரு அலை மெதுவாக எழுந்து எழுந்து அடங்கியது. நீ அனுப்பிய பாட்டுகளில் நான் கேட்டுத் தெரிந்துகொண்ட அலை அது. இத்தனை வருடமும் என் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. கடைசியாக நம்முடைய ஏழாம் நம்பர் ஓடியது. டக் வந்தது. முந்தியும் பிந்தியும், அது இஷ்டத்துக்கு. நான் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன்.

பதிந்து முடித்ததும் அந்த மில்லின் ஃபிட்டர் என்னிடம் வந்தான். முப்பது வயது இருக்கும், என் மாதிரியே பாக்கெட்டில் ஸ்க்ரூடிரைவர். “அண்ணாச்சி, மூணு வருசமா இந்த டக்கு என் உயிர வாங்குது. நீங்கதான் பழைய ஆளாமே, கழத்திப் பாப்பமா?” என்றான். கை பரபரத்தது, பொய் சொல்லவில்லை. என் சர்வீஸில் பாக்கி வைத்த ஒரே வேலை எதிரில் நிற்கிறது. மூடியில் கையை வைத்துவிட்டேன். பிறகு ஓடுகிற நூலை விரலில் பிடித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை, சீராக வந்துகொண்டிருந்தது. “நூலுக்கு அது ஒண்ணும் பண்ணாதுப்பா. அதுபாட்டுக்கு ஓடட்டும்” என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அவனுக்கு நான் தொழில் தெரியாதவனோ என்று சந்தேகம் வந்திருக்கும்.

கல்யாணப் பெண்ணுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது இதுதான். உன் அம்மா எதைச் சொன்னாலும், கையில் ஸ்பானரோடு ஓடிப் போய்ச் சரி செய்கிறவனாகவே நான் இருந்திருக்கிறேன். கால் வலிக்கிறது என்றால் தைலம், பொழுது போகவில்லை என்றால் டிவி. அவள் என்னைச் செத்த நேரம் உட்கார்ந்து கேட்கத்தான் சொன்னாள் என்பது இந்த இரண்டு வருடச் சனிக்கிழமைகளுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் மாப்பிள்ளையிடமும் ஏதாவது ஒரு டக் இருக்கும். உன்னிடமும் இருக்கிறது, அவருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நூல் அறுகிறதா என்று முதலில் பார். அறுந்தால் விடாதே, நிறுத்தி, திறந்து, பேசித் தீர்த்துக்கொள். அறாவிட்டால் ஓட விடு. உன்னையும்தான் நான் ரொம்ப நாள் கழற்றிப் பூட்டப் பார்த்தேன். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அலைகிற பெண்ணுக்கு என்ன ரிப்பேர் செய்யலாம் என்று ராப்பகலாக யோசித்திருக்கிறேன். மன்னித்துக்கொள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன கார்டு இருக்கிறது. புது கார்டு, புதுப் பவுடர் டப்பா. அதில் இருப்பது நீ பதிந்தது இல்லை. பன்னிரண்டு மிஷினும் ஒன்றன் பின் ஒன்றாக ஓடியது போனது போனதுதான், அதை எந்தக் கடையிலும் வாங்கித் தர என்னால் முடியாது. அதற்கு நீ என் மேல் கோபப்படு, கல்யாண வேலை இருக்கிறதே என்று அடக்கிக்கொள்ளாதே, இரண்டு நாள் பேசாமல்கூட இரு. மூன்றாம் நாள் பந்தக்கால் நடுவதற்குள் பேசிவிடு, எனக்கு அதற்கு மேல் தாங்காது. கோபம் தீர்ந்த பிறகு கேட்டுப் பார். கடைசியில் என் குரலும் கேட்கும், ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டேன். வேண்டாமென்றால் வெட்டிக்கொள்.

வரவேற்பு அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் முதல் வரிசையில், பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன், இப்போதே செய்யதிடம் சொல்லி வைத்துவிட்டேன். நீ ஆரம்பித்ததும் ‘ம்ம்ம்’ என்று எழும்பும். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். மேலே இருக்கிற மின்விசிறியைப் பார்ப்பார்கள், ஜெனரேட்டர் இருக்கிற பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். யாராவது ஒருத்தர் நிச்சயமாக என்னிடம் குனிந்து, “மாமா, மைக் செட்டுல ஏதோ லூஸா ஓடுத மாரி இருக்கே, நீங்க ஃபிட்டருல்லா, செத்த பாருங்களேன்” என்று கேட்கத்தான் போகிறார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை நான் இன்றைக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“ரிப்பேரு ஒண்ணும் இல்லய்யா. எம் மக வாசிக்கா. உக்காந்து கேளும்.”

உன் அப்பா